முதல் துப்பாக்கிக்கு .22 போதும்

"எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" என்று கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒன்றை முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். பெரும்பாலும் அது 9 எம்எம் பிஸ்டலாக இருக்கும். அதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதலில் .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) என்ற சின்னத் தோட்டா போடும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றில், அதாவது ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய ரைஃபிளில், தொடங்குங்கள். நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டம் அதற்கும் இடம் தராவிட்டால் 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் போட்டி நடப்பதே அந்த 4.5 மி.மீ. பெல்லட்டில்தான், அதனால் அதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்க வேண்டாம். உரிமம், வயது வரம்பு, வீட்டில் எப்படிப் பூட்டி வைக்க வேண்டும் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். பணம் கட்டுவதற்கு முன்பே அதை விசாரித்துவிடுங்கள்.

.22 எல்.ஆர். 1887 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதன் வழக்கமான குண்டு 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம். அது நொடிக்கு 330 முதல் 380 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 9 எம்எம்மில் 115 கிரெய்ன் குண்டு, 7.5 கிராம், ஏறக்குறைய அதே வேகம். குண்டின் எடை மூன்று மடங்குதானே என்று தோன்றும். ஆனால் உதைப்பைத் தீர்மானிப்பதில் துப்பாக்கியின் எடைக்கும் பங்கு உண்டு. ரைஃபிள் இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். பாலிமர் பிஸ்டல் முக்கால் கிலோகூட இராது. இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தால் பிஸ்டல் கையில் பின்னோக்கி வரும் வேகம் ரைஃபிளினுடையதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். சத்தமும் அப்படித்தான். .22 ரைஃபிள் 140 டெசிபல் அளவில் நிற்கும், பிஸ்டல் 160-ஐத் தொடும். டெசிபல் மடக்கை அளவு என்பதால் இந்த இருபது சாதாரண இருபது அல்ல.

இந்த உதையும் சத்தமும்தான் ஃபிளின்ச் என்ற கெட்ட பழக்கத்தை விதைக்கின்றன. ட்ரிகர் விடுபடும் நொடிக்குச் சற்று முன்பே மூளை வெடிப்பை எதிர்பார்த்து உடம்பை இறுக்குகிறது. கண் மூடுகிறது, மணிக்கட்டு கீழே அழுத்துகிறது, தோள் முன்னால் தள்ளுகிறது. வலது கைக்காரர் பிஸ்டல் சுட்டால் ஓட்டைகள் குறிக்குக் கீழே இடது பக்கமாகக் கூடும். சுடுபவருக்கு இது தெரியவே தெரியாது. துப்பாக்கி மேலே துள்ளும்போது அதற்கு முன் நடந்த சரிவு மறைந்துபோகும். அவர் பார்வைக் குறியைத் திருகி "சரி" செய்யப் பார்ப்பார், அடுத்த நாள் வேறெங்கோ அடிக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உடன் வந்தவர் உங்களுக்குத் தெரியாமல் மேகசினில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே இரண்டு மூன்று டம்மித் தோட்டாக்களைக் கலந்து போட வேண்டும். டம்மி வரும்போது "கிளிக்" என்று மட்டும் கேட்கும், வெடிக்காது. அந்த நேரத்தில் குழல் வாய் கீழே குத்தினால் அதுதான் ஃபிளின்ச். அசையாமல் நின்றால் உங்கள் கை சுத்தம். பெரிய துப்பாக்கியில் தொடங்கியவர்களுக்கு இதை மாற்ற நூற்றுக்கணக்கான தோட்டாக்கள் செலவாகும். .22-இல் தொடங்கினால் பெரும்பாலும் வராமலே போய்விடும். மற்ற எல்லா நல்ல குணங்களும் இதற்குப் பிறகுதான்.

"சின்னப் பிஸ்டல்தானே சுலபம்?" என்பதும் வழக்கமான கேள்வி. சின்னதுதான் கடினம். துப்பாக்கியின் மேல் குறி பார்க்க இருக்கும் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே 10 செ.மீ. உள்ள பிஸ்டலில், முன் குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டர் தூரத்தில் குண்டு 10 செ.மீ. விலகும். அதே ஒரு மில்லிமீட்டர் 50 செ.மீ. இடைவெளியுள்ள ரைஃபிளில் 2 செ.மீ. பிழைதான். அதோடு பையில் அடங்கும், ட்ரிகர் இழுப்பே சுத்தியலைத் தூக்கியும் விடும் டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரின் ட்ரிகரை இழுக்க ஐந்து கிலோ அளவுக்கு விசை வேண்டியிருக்கும், துப்பாக்கியின் எடையோ அதில் பத்தில் ஒரு பங்குதான். புதியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, "கைக்கு அடக்கமாக இருக்கும்" என்று இதையே எடுத்து நீட்டுபவர்கள் ஏராளம். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

சரி, .22-இலேயே ஏன் போல்ட் ஆக்‌ஷன்? நீங்கள் கையால் திறந்து மூடாமல் அதில் அடுத்த தோட்டா ஏறாது. ஒவ்வொரு சுடலுக்கும் இடையே கட்டாய இடைவெளி கிடைக்கும். போல்ட் திறந்திருந்தால் பத்தடி தள்ளி நிற்பவருக்கும் துப்பாக்கி சுடும் நிலையில் இல்லை என்று தெரியும். சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறும் செமி ஆட்டோமேட்டிக் .22 வகையில் 1964-இல் வந்த ரூகர் 10/22 இன்றும் நல்ல துப்பாக்கிதான். ஆனால் அந்த வகைத் துப்பாக்கிகள் தோட்டா விஷயத்தில் கொஞ்சம் அடம் பிடிக்கும். .22 ரிம்ஃபயர், அதாவது பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் அடி விளிம்பில் சுற்றிலும் பரவியிருக்கும். எங்காவது ஒரு பக்கம் மருந்து போதாமல் இருந்து ஊசி அங்கே அடித்தால் வெடிக்காது. குண்டின் மேல் பூசிய மெழுகும் மென்மையான ஈயமும் தோட்டா ஏறும் பாதையில் படியும். மெதுவான தோட்டாவுக்கு செமி ஆட்டோவின் போல்டைப் பின்னுக்குத் தள்ளும் தெம்பு சில நேரம் இராது. கையால் இயக்கும் போல்ட்டுக்கு இந்தப் பிரச்சினைகளில் பெரும்பாலானவை கிடையாது.

கடையில் கையில் எடுத்தவுடன் பார்க்க வேண்டியது பிராண்டை அல்ல, அளவை. முழங்கையை மடக்கி, பின்கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்து ட்ரிகரைத் தொட்டுப் பாருங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு சிரமமில்லாமல் எட்ட வேண்டும். வழக்கமான நீளம் 34 செ.மீ. பக்கம். சிறுவர்களுக்கும் கை குட்டையானவர்களுக்கும் அது நீளம். தலையைப் பின்னுக்கு இழுத்து, முதுகை வளைத்துச் சுடுவார்கள். அப்புறம் கன்னத்தைக் கட்டையில் வைத்துக் கண்ணை மூடித் திறந்தால் குறி நேராக எதிரே தெரிய வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் அந்தக் கட்டை உங்களுக்கானது அல்ல.

எந்தக் கண் ஆதிக்கக் கண் என்பதும் வாங்குவதற்கு முன்பே தெரிய வேண்டும். இரண்டு கைகளையும் நீட்டி, கட்டை விரல்களுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் சிறு முக்கோணம் அமைத்து, தூரத்துப் பொருள் ஒன்றை அதன் வழியே இரண்டு கண்ணாலும் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் முக்கோணத்துக்குள் நிற்கிறதோ அதுவே ஆதிக்கக் கண். வலது கைக்காரருக்கு இடது கண் ஆதிக்கமாக இருப்பது அபூர்வமில்லை. அவர் ரைஃபிளை இடது தோளில் பழகிக்கொள்வதே நல்லது. அப்படியென்றால் போல்ட் கைப்பிடி இடது பக்கம் உள்ள மாடலைக் கேட்க வேண்டும்.

பழைய துப்பாக்கி என்றால் இன்னும் கவனம். போல்டைக் கழற்றி, குழலின் பின்பக்கமிருந்து வெளிச்சத்தைப் பார்த்தால் உள்ளே சுற்றிச் செல்லும் பள்ளங்கள் கூர்மையாகத் தெரிய வேண்டும். .22 எல்.ஆர். குழலில் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. நடுவில் எங்காவது நிழல் வளையம் போல் தெரிந்தால் குழல் அங்கே உப்பியிருக்கலாம்; வாங்க வேண்டாம். குழல் வாயின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். குண்டு கடைசியாகத் தொடும் இடம் அது. அங்கே சிறு வடு இருந்தாலும் குறி சிதறும், சுத்தம் செய்யும் கம்பியை முன்பக்கமிருந்து நுழைத்து நுழைத்தே பலர் அதைத் தேய்த்துவிடுகிறார்கள். கட்டையில் திருகு இருக்கும் இடங்களில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குழலில் எந்தத் தோட்டாவின் பெயர் பொறித்திருக்கிறதோ அந்தத் தோட்டா மட்டுமே அதற்குள் போகலாம். உள்ளே நுழைகிறது என்பது பொருந்துகிறது என்பதற்கு அத்தாட்சி அல்ல. .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் சுடலாம், தலைகீழாகக் கூடாது. .223 ரைஃபிளுக்குள் .300 பிளாக்அவுட் தோட்டா சில நேரம் ஏறிவிடும், சுட்டால் குழல் வெடிக்கும். ஷாட்கன்னில் இன்னொரு பொறி இருக்கிறது. அதில் குழலின் அளவைக் கேஜ் என்பார்கள், எண் கூடினால் குழல் சிறியது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப் போய்ச் சற்று முன்னால் சிக்கிக்கொள்ளும். குழல் காலி என்று நினைத்து அதற்குப் பின்னால் 12 கேஜைப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்து கையைக் கிழிக்கும். 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள்.

இனி கையாள்வது. அமெரிக்கரான ஜெஃப் கூப்பர் வகுத்துப் பரப்பிய நான்கு விதிகளை எல்லா ரேஞ்சிலும் ஏதோ ஒரு வடிவில் எழுதி வைத்திருப்பார்கள். எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் தோட்டா போட்டதே. அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல் வாயைத் திருப்பாதே. குறி பார்க்கும் வரை ட்ரிகரில் விரல் வைக்காதே. எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அறி. இவற்றில் ஏதேனும் இரண்டு ஒரே நேரத்தில் மீறப்படும்போதுதான் பெரும்பாலும் யாராவது அடிபடுகிறார்கள். கடைசி விதியை .22-காரர்கள் அலட்சியம் செய்வதுண்டு. தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் என்று எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள், அது சுமார் 2.4 கிலோமீட்டர். தண்ணீரிலோ கல்லிலோ பட்டால் தெறித்துத் திசை மாறும். மண் மேடு பின்னால் இல்லாத இடத்தில் சுடக் கூடாது.

துப்பாக்கியைக் காலி செய்வதில் வரிசை முக்கியம், இங்கேதான் நான் எவரையும் அவசரப்படுத்த விடமாட்டேன். முதலில் குழலைப் பாதுகாப்பான திசையில் வையுங்கள். விரல் ட்ரிகருக்கு வெளியே. பிறகு மேகசினை எடுங்கள். அதன் பின்புதான் ஸ்லைடையோ (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) போல்டையோ பின்னுக்கு இழுங்கள். உள்ளே இருந்த தோட்டா வெளியே விழும். மேலும் இரண்டு முறை இழுத்து, திறந்த நிலையிலேயே பூட்டி, தோட்டா உட்காரும் இடமான சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள். வெளிச்சம் குறைவென்றால் சுண்டு விரலை நுழைத்துத் தடவுங்கள்.

வரிசையை மாற்றினால் என்ன ஆகும்? முதலில் ஸ்லைடை இழுக்கிறீர்கள். சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழுகிறது, உங்கள் கண்ணுக்கு "காலியாகிவிட்டது" என்று தெரிகிறது. ஆனால் ஸ்லைடு முன்னால் போகும்போது மேகசினிலிருந்து அடுத்ததை ஏற்றிவிடுகிறது. அதன்பின் மேகசினை எடுக்கிறீர்கள். இப்போது மேகசின் இல்லாத, ஒரு தோட்டா விழுந்ததைக் கண்ணால் பார்த்த, ஆனால் சுடத் தயாரான பிஸ்டல் உங்கள் கையில். கிளாக் போன்ற சில பிஸ்டல்களைப் பிரிக்க முதலில் ட்ரிகரை இழுக்க வேண்டும். விபத்து அந்த இடத்தில் காத்திருக்கும். துப்பாக்கி கை மாறும் ஒவ்வொரு முறையும் வாங்குபவரும் தாமாகவே திறந்து பார்க்க வேண்டும். கொடுப்பவர் இப்போதுதான் பார்த்தார் என்பது காரணமாகாது.

காதில் நுரை அடைப்பான், அதன் மேல் காதுக் கவசம், இரண்டும் போடுங்கள். .22 சின்னதுதானே என்று கவசத்தை விட்டுவிடாதீர்கள். 140 டெசிபல் வெடிப்பு காதின் உள் மயிர்செல்களைச் சேதப்படுத்தும், அவை திரும்ப வளராது. கண்ணாடி கட்டாயம். ரிம்ஃபயர் தோட்டாவின் விளிம்பு எப்போதாவது கிழிந்து சூடான வாயுவும் பித்தளைத் துண்டும் பின்னால் தெறிக்கும். சுட்டு முடித்ததும் சாப்பிடுவதற்கு முன் குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டுக் கை கழுவுங்கள். விரலில் ஈயத் தூசி ஒட்டியிருக்கும்.

குறியைப் பொருத்தவரை முதல் சில நூறு தோட்டாக்கள் இரும்புக் குறியில், அதாவது குழலின் மேலுள்ள சாதாரண முன், பின் குறிகளில் போகட்டும். முன் குறியில் கண் பதிய வேண்டும், இலக்கு சற்று மங்கலாகத்தான் தெரியும். இரண்டையும் தெளிவாகப் பார்க்க முயன்றால் இரண்டும் கெடும். ஸ்கோப் என்ற குறி பார்க்கும் தொலைநோக்கியை மாட்டினால் கண்ணிலிருந்து 8, 9 செ.மீ. தள்ளி வையுங்கள். ரிம்ஃபயருக்கென்றே 50 கஜத்துக்குச் சரிசெய்த ஸ்கோப் கிடைக்கும். பெரிய ரைஃபிளுக்கான, 100 கஜத்துக்குச் சரிசெய்த ஸ்கோப்பை 25 மீட்டரில் பயன்படுத்தினால், தலையைச் சற்று நகர்த்தும்போதே குறுக்குக் கோடு இலக்கின் மேல் நகரும். நீங்கள் தவறாகச் சுட்டதாக நினைத்துக்கொள்வீர்கள்.

குறி அமைக்கும்போது ஒரு தோட்டாவைப் பார்த்து ஸ்கோப்பைத் திருகாதீர்கள். ஐந்து தோட்டாக்கள் சுட்டு, அவற்றின் நடுப்புள்ளியைக் கண்டுபிடியுங்கள். ஸ்கோப்பின் திருகில் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்று எழுதியிருந்தால் 50 மீட்டரில் அது 3.6 மி.மீ. நடுப்புள்ளி குறியிலிருந்து 4 செ.மீ. கீழே இருந்தால் 11 கிளிக் மேலே. 50 மீட்டரில் குறி அமைத்த .22, 100 மீட்டரில் 15 செ.மீ.க்கும் மேல் தாழ்ந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

தோட்டாவில் நொடிக்கு 380 மீட்டர் வேகம் என்று பெருமையாக அச்சிட்டதை வாங்கத் தோன்றும். ஒலியின் வேகம் சுமார் 340. அதிவேகக் குண்டு போகும் வழியில் அந்த எல்லையைத் தாண்டி இறங்கும்போது கொஞ்சம் தள்ளாடும், துல்லியம் கெடும். 325 முதல் 330 வரை உள்ள வழக்கமான வேகத் தோட்டா ஆரம்பம் முதலே ஒலிக்குக் கீழே போவதால் அந்தத் தொல்லை இல்லை, சத்தமும் குறைவு. அதே பிராண்டு ஒரு குழலில் ஒட்டிக்கொண்டு சுடும், இன்னொரு குழலில் சிதறும். நாலைந்து வகை சின்னப் பெட்டிகளாக வாங்கி, 50 மீட்டரில் ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாக இருமுறை சுட்டு, எது நெருக்கமாக அடிக்கிறதோ அதையே மொத்தமாக வாங்குங்கள்.

சுடும் முறையில் புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இயல்பான குறியிடல். குறி பார்த்து நின்ற பிறகு கண்ணை மூடி, ஒரு மூச்சு விட்டு, உடம்பைத் தளர்த்துங்கள். கண் திறந்தால் குறி எங்கே நிற்கிறது? வலப்பக்கம் விலகியிருந்தால் கைகளால் இழுத்துத் திருப்பக் கூடாது. பாதத்தை அசைத்து உடம்பைத் திருப்ப வேண்டும். கையால் இழுத்துப் பிடித்தது ட்ரிகர் விடும் நேரத்தில் தசை தளரும்போது பழைய இடத்துக்கே போகும். ட்ரிகரில் விரல் நுனியின் சதைப் பகுதி மட்டும் பட வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஆறேழு நொடிக்குள் சீராக அழுத்தம் கூட்டுங்கள். நேரம் தாண்டினால் விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். வெடித்த பிறகும் ஒரு நொடி ட்ரிகரைப் பின்னால் வைத்தபடி குறியையே பாருங்கள்.

வீட்டில் தோட்டா இல்லாமல் பழகுவது செலவே இல்லாத பயிற்சி. தோட்டாக்கள் அடுத்த அறையில் பூட்டியிருக்கட்டும், துப்பாக்கி காலி என்பதை இருமுறை பாருங்கள். குழலின் மேல் ஒரு நாணயத்தை வைத்து ட்ரிகரை இழுத்தால் அது விழக் கூடாது. ஆனால் ரிம்ஃபயரில் ஊசி வெறும் சேம்பர் விளிம்பிலேயே மோதினால் அந்த விளிம்பு நசுங்கும். புதியவற்றில் பலவற்றில் இதைத் தவிர்க்கும் அமைப்பு உண்டு. கையேட்டில் பார்த்துவிட்டு இழுங்கள். எல்லாப் பிளாஸ்டிக் டம்மித் தோட்டாவும் இந்தப் பயிற்சிக்கு ஏற்றது என்று நினைக்காதீர்கள். சில வகை ஏற்றி இறக்கப் பழகுவதற்கு மட்டும்தான்.

சுடும்போது "கிளிக்" மட்டும் கேட்டால் போல்டை உடனே திறக்காதீர்கள். குழல் இலக்கை நோக்கியே முப்பது நொடி நிற்கட்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு. அதைவிட ஆபத்தானது வழக்கத்தைவிட மெல்லிய "புஸ்" சத்தம். மருந்து போதாமல் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் உப்பும் அல்லது வெடிக்கும். அத்துடன் நிறுத்தி, காலி செய்து, போல்டைக் கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே மேலே செல்லுங்கள்.

சுத்தம் செய்வதில் .22 குழலுக்கு அதிக அக்கறை வேண்டாம். ஈயக் குண்டு குழலை மிக மெதுவாகத்தான் தேய்க்கும், துடைக்கும் கம்பி அதைவிட வேகமாகத் தேய்த்துவிடும். சேம்பரையும் போல்டின் முகத்தையும் ஒவ்வொரு முறையும் துடையுங்கள். குழலைத் துல்லியம் குறையும்போது மட்டும், பின்பக்கமிருந்து, கரைப்பான் நனைத்த துணியால். எண்ணெய் ஒரு சொட்டு போதும். சுத்தம் செய்த பின் முதல் ஐந்து பத்துத் தோட்டாக்கள் வேறிடத்தில் அடிக்கும், அவற்றை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். தோல் உறையில் நாள் கணக்கில் வைத்தால் துருப் பிடிக்கும். பூட்டிய பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு, தோட்டா வேறு பூட்டில்.

அடுத்த துப்பாக்கிக்கு எப்போது போகலாம்? நின்றபடி, தாங்கல் எதுவும் இல்லாமல், 25 மீட்டரில் பத்துத் தோட்டாவும் 10 செ.மீ. வட்டத்துக்குள் விழுந்தால், அதுவும் தொடர்ந்து மூன்று தடவை விழுந்தால், என் கணக்கில் தயார். அப்போதும் 9 எம்எம் என்றால் குட்டிப் பிஸ்டல் வேண்டாம், முழு அளவு. .22-ஐ விற்காதீர்கள். புதியதில் ஓட்டைகள் கீழே இறங்க ஆரம்பித்தால், அன்றைக்கு மிச்சமுள்ள நேரத்துக்கு அதை வைத்துவிட்டு .22-ஐ எடுத்து இருபது முப்பது சுடுங்கள்.